பாதைக்குப் பக்கத்தில் ஓர் இடம்

ஒகேனக்கல் மணல்

கூடார முளைக்குச்சி மணலில் நிற்கவில்லை. கல்லால் அடிக்க அடிக்க உள்ளே போனது. கையை எடுத்தால் சாய்ந்தது. கேம்புக்கு இடம் பார்த்து அலைந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்: தரை சரியாக இருந்தால் பாதை இருக்காது, பாதை இருந்தால் தண்ணீர் இருக்காது.

எண்பதுகளில் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவிகளை வருடத்துக்கு ஒருமுறை மலையேற அழைத்துப்போவது என் பொறுப்பு. அந்த வருடம் சபீனாவும் பெயர் கொடுத்திருந்தாள். அவள் அப்பா பாப்பிரெட்டிப்பட்டியில் புளி மண்டி வைத்திருந்தார். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். தங்கும் இடத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் மகளை அனுப்புவதாக இல்லை என்று சொல்லிவிட்டு, நான் இடம் தேடப் போகும்போதெல்லாம் கூடவே பஸ் ஏறினார்.

பாதை எங்கே தொடங்குகிறது என்று நான் பரிசல்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாய் வறுத்த மீன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். "மீனு நல்லாருக்குங்க மேடம். ஆனா இத்தன பேரு வேடிக்கை பாக்கற எடத்துல பொட்டப் புள்ளைங்க எப்படிங்க தூங்கும்?"

வத்தல்மலை அடியில்

இங்கே முளை இறுகப் பிடித்தது. கிணறு பக்கத்தில். கூடாரத்தை விட்டு வெளியே கால் வைத்தால் பாதை. அதுவும் நன்றாகத் தேய்ந்த பாதை, யாரும் வழி தவற முடியாது. அதையே பெருமையாகக் காட்டினேன்.

பாய் குனிந்து பார்த்தார். செருப்புத் தடம், ஆட்டுக் குளம்பு. ஒரு பீடித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். "போறதுக்கு வசதின்னா வர்றதுக்கும் வசதிதானுங்களே. யாரு வர்றான்னு தெரியாம எப்படிங்க விடறது?"

சித்தேரி இறக்கம்

மூன்றாவது இடம் அவர் ஊர்ப் பக்கமே, சித்தேரி மலையின் அடியில். அன்று சபீனாவும் வந்திருந்தாள். இதுவும் ஆகாதென்றால் தன் பெயரை எடுத்துவிடும்படி பஸ்ஸிலேயே என்னிடம் மெல்லச் சொல்லியிருந்தாள்.

பாய் பாதை முடியும் இடத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, இறங்கி வருகிறவர்களை எல்லாம் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். ஆட்டுக்காரர் ஒருவர் பதில் சொல்லாமலே போய்விட்டார். பிறகு தலையில் மூட்டையோடு மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள், அவர் வாயைத் திறப்பதற்குள் அடையாளம் கண்டு நின்றாள். மூட்டையில் புளி. போவது அவர் மண்டிக்குத்தான். அவள் அம்மா காலத்திலிருந்தே இந்தப் பாதையில்தான் இறக்குகிறார்களாம்.

மரங்கள் எங்கே, யார் உலுக்குவது, கொட்டை எடுப்பது எந்த இடத்தில் என்று பாய் கேட்க ஆரம்பித்தார். இப்போது அது விசாரணை மாதிரி இல்லை. அந்தப் பெண் மூட்டையைப் பாறையில் இறக்கிவைத்தாள். "வருசா வருசம் நாங்கதான் உங்க கடைக்கு வர்றோம். நீங்க ஒரு நாளாச்சும் எங்க வூட்டுக்கு வந்தா காலு தேஞ்சிருமா, பாய்?"

வளைவுக்கு அப்பால்

அவர்கள் கீழே போன பிறகு, மேலே பாதை திரும்பும் வளைவு வரைக்கும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி பாய் ஏறினார். வெயில் தாழும்வரை வரவில்லை. வந்தபோது வெள்ளைக் கைலி முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. சம்மதம் என்று அவர் சொல்லவில்லை, சபீனாவும் கேட்கவில்லை. "வளைவு தாண்டி ஒரு சுனை இருக்குதுங்க மேடம். புள்ளைங்களுக்கு அதக் காட்டாம கூட்டியாந்துடாதீங்க."

கேம்புக்கு இடம் பார்ப்பதில் பாதி, ஓர் அப்பாவை நடக்கவைக்கிற வேலை.

கேம்ப் அன்று மகளின் பையை அவரே சுமந்து வந்து கூடாரத்துக்குள் வைத்தார். மற்ற பெண்கள் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு முள்கிளை விழுந்து கிடந்தது. பாய் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.