மதியச் செய்திக்குப் பிறகு மரண அறிவிப்பு

நான் யார் என்பது அம்மாவுக்குச் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. ஆனால் வானொலியில் எப்போது என்ன வரும் என்பது மட்டும் மறக்கவே இல்லை. அதுவும் இன்றைய வானொலி அல்ல. ஐம்பது வருடங்களுக்கு முன், செர்காம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் கேட்ட தேசிய வானொலியின் தமிழ்ப் பகுதி. சுங்கை ஊடாங்கில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, விடிந்ததும் "சாமிப் பாட்டு வை" என்பாள். கைப்பேசியில் எதையாவது தேடி வைப்பேன். "இது இல்ல" என்பாள். அது எங்கே கிடைக்கும்?

தோட்டத்தில் எங்களிடம் கடிகாரம் இல்லை. நாதஸ்வரம் கேட்டால் பெரட்டுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஆள் கணக்கெடுத்த பிறகுதான் பால்வெட்டு. கிறிஸ்துவப் பாட்டு வரும்போது பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா கதவருகே வந்து நிற்பார், அவர்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அப்புறம் பிறந்த நாள் வாழ்த்து. மாதர் நிகழ்ச்சியில் யாரோ ஒரு பெண்மணி, நாங்கள் கண்ணாலும் பார்க்காத சாமான்களை வைத்துச் சமைக்கச் சொல்லித்தருவார். பள்ளி ஒலிபரப்பு, மதியச் செய்தி, மரண அறிவிப்பு, பொழுது சாய்ந்தால் நாடகம், அதற்கும் பிறகு நேயர் விருப்பம். எல்லாவற்றையும் கேட்க ஆசைதான். பேட்டரி தாங்க வேண்டுமே! சத்தம் கம்மியானால் நான்கு பேட்டரியையும் கழற்றி வெயிலில் காயவைப்போம். கொஞ்சம் உயிர் வரும்.

அதனால் மூன்று நிகழ்ச்சிக்கு மட்டும்தான் அனுமதி. அதில் மரண அறிவிப்பு கட்டாயம். எங்கள் ஜனத்துக்கு அப்போது போன் ஏது? வேறு தோட்டத்தில் உறவுக்காரர் தவறிவிட்டால் வானொலிதான் சொல்லும். பெயர், தோட்டம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது வரை வாசிப்பார்கள். கேட்டவுடன் அடுப்பை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான். அந்த நேரம் அம்மா பால் நாற்றம் போகக் குளித்துக்கொண்டிருப்பாள். கேட்டுச் சொல்வது என் வேலை. பள்ளி விடுமுறை என்றால் தப்பிக்கவே முடியாது.

எனக்குப் பன்னிரண்டு வயது. நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை போட்டிருந்தேன். விரும்பிக் கேட்பவர்கள் என்று என் பெயர், அப்பா அம்மா பெயர், லூபோக் சீனா தோட்டத்திலிருந்த அம்மாவின் அண்ணன் பெயர். மாமா பெயரைச் சேர்த்ததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல. அட்டையில் இடம் மிச்சமிருந்தது. அந்த வாரம் வாசித்துவிடுவார்கள் என்று ஏனோ உறுதியாக நம்பினேன். அன்று மதியம் செய்தியிலேயே ரேடியோ முனகத் தொடங்கியது. இருக்கிற உயிரும் இப்போதே போய்விட்டால் இரவு என் பெயரை யார் கேட்பது? ரேடியோவை மூடிவிட்டேன். பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைத்தேன்.

"யாராச்சும் நம்ம ஆளுங்களாடி?" என்று அம்மா குளியலறையிலிருந்து கேட்டாள்.

"யாரும் இல்லம்மா."

இரவு வாசித்தே விட்டார்கள். என் பெயர், அப்பா, அம்மா, கடைசியாக மாமா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணனும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்றாள்.

மூன்றாம் நாள் மாமா தோட்டத்து ஆள் ஒருவர் வந்தார். முந்தாநாள் விடியற்காலையில் மாமா தவறிவிட்டாராம். தங்கச்சி வரட்டும், தங்கச்சி வரட்டும் என்று நேற்றுச் சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்தார்களாம். "ரேடியோவுல சொன்னோமே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "அத சொல்லலம்மா" என்றேன். பச்சைப் பொய். அம்மா நம்பினாள். அதற்குப் பிறகு மரண அறிவிப்பை என்னிடம் விடவில்லை. குளிக்காமல், பால் நாற்றத்தோடு ரேடியோ முன்னால் அவளே நிற்பாள்.

எத்தனையோ தடவை சொல்லிவிட நினைத்தேன். கல்யாணம் ஆகட்டும், பிள்ளை பிறக்கட்டும், அப்பா காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டே கிழவியாகிவிட்டேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை. இப்போது தினமும் மதியம் அம்மா கேட்கிறாள், "யாராச்சும் நம்ம ஆளுங்களா?" யாரும் இல்லை என்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் என்னால் முடியவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன்.

"லூபோக் சீனா மாமா தவறிட்டாரும்மா. ரேடியோவுல சொன்னாங்க. நான்தான் கேக்காம மூடிட்டேன். ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிப்பாள் என்றும் ஒரு நப்பாசை. அம்மா எழுந்து நின்றாள்.

"எத்தன மணிக்கு எடுக்குறாங்களாம்?"

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளைச் சேலையை எடுத்துத் தானே கட்டினாள், கொசுவம் கூடத் தப்பவில்லை. "பஸ் போயிரும்டி, கெளம்பு" என்று வாசல் கேட்டை உலுக்கினாள். அது நடந்து ஐம்பது வருடம் ஆயிற்று என்று எப்படிச் சொல்வேன்? எந்த வார்த்தையில் சொல்வேன்? காரை எடுத்தேன். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் செம்பனை மரங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மாமாவைப் புதைத்த இடம் எனக்குத் தெரியாது.

மஸ்ஜித் தானா தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"எங்க போறோம்?"

"லூபோக் சீனாவுக்கும்மா."

முகம் அப்படியே மலர்ந்தது. "அண்ணன் வீட்டுக்கா? வெறுங்கைய வீசிக்கிட்டா போறது? கடையில நிறுத்துலா."

நிறுத்தினேன். சாலையோரப் பழக்கடையில் ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். "மானிஸ்கா? மானிஸ்கா?" என்று இனிக்குமா இனிக்குமா எனக் கடைக்கார மலாய்க்காரரைத் துளைத்தெடுத்தாள்.

"அண்ணனுக்குப் புளிப்பு ஆவாது" என்றாள் என்னிடம். "நல்லா விரிச்சுப் புடி."

நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.