ஆறாவது ஃபாரம்

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, சரியாக நினைவில்லை. கோவில்பதாகையில் எங்கள் தெருப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து புத்தகம் மடித்துக்கொண்டிருந்தோம். பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருந்த பாய், அச்சடித்த பெரிய தாள்களைக் கட்டுக்கட்டாக டிரைசைக்கிளில் அனுப்புவார். ஒரு தாளில் பதினாறு பக்கம் இருக்கும். அதை ஒரு ஃபாரம் என்போம். மூன்று மடிப்பாக மடித்து, மரஸ்கேலால் தேய்த்து அடுக்க வேண்டும். மாத நாவலுக்கு ஆறு ஃபாரம். ஒரு வீட்டுக்கு ஒரு ஃபாரம்தான் தருவார்கள் என்பதால் எந்த வீட்டிலும் முழுக்கதை இருக்காது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மடிப்பதற்குப் பக்க எண் தெரிந்தால் போதும்.

என் மகள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் என்னோடு உட்கார்ந்தாள். அந்த மாதம் வந்தது பேய்க்கதை. எங்களுக்கு மூன்றாவது ஃபாரம். பதினாறு வயசுப் பெண் ஒருத்தி பேய்களை வேட்டையாடுகிறாள். கையில் சைக்கிள் செயின். மகள் அந்தத் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"இவ பயப்படவே மாட்டேன்றாம்மா" என்றாள்.

மற்ற ஃபாரங்களுக்காகத் தெருவில் வீடு வீடாகப் போனாள். அவர்களுக்கு மடித்துக் கொடுத்தபடியே படித்தாள். ஐந்தாவது ஃபாரத்தில் அந்தப் பெண் பேயைத் துரத்திக்கொண்டு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிறாள். மேலே மூடி விழுந்துவிடுகிறது. அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

ஆறாவது, என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில் இருந்தது. நான் அவரை அண்ணி என்பேன். அங்கே மட்டும் மகளால் போக முடியாது. அந்த அண்ணியுடைய கொழுந்தனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். அதே வீட்டில் இருந்தவர், பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருந்தார், அவளைவிடப் பதினான்கு வயசு மூத்தவர். பேச்சு எடுத்த பிறகு பெண் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. என் வீட்டுக்காரரோ அக்கா சொல்வதுதான் என்று முடித்துவிட்டார்.

"அம்மா, நீ போ" என்றாள் மகள். "ரெண்டு விஷயம் கேளு. ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் எனக்கு டைம் குடுக்கச் சொல்லு. அப்பறம் அந்தக் கடைசி ஃபாரம் ஒண்ணே ஒண்ணு வாங்கினு வா. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்."

"அப்பாகிட்ட சொல்லேன்டி."

"அத்தை சொன்னாத்தான் அப்பா கேக்கும். இன்னாம்மா, அத்தை உன்னக் கடிச்சா தின்னுடும்?"

எனக்கு யாரிடமும் வாய் வராது. பஸ்ஸில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வந்திருக்கிறேன். இருந்தாலும் மறுநாள் மத்தியானம் போனேன்.

அண்ணி கூடம் முழுக்கத் தாளைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். "வா வா. வந்ததுதான் வந்தே, இதுல கொஞ்சம் கை வை. எனக்கு முட்டி பூட்ச்சு" என்றார். உட்கார்ந்து மடித்தேன். ஆறாவது ஃபாரம் என் மடிமேலேயே இருந்தது. எடுத்த தாளிலெல்லாம் அதே பக்கங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன். தொட்டிக்குள் அந்தப் பெண் கத்துகிறாள். யாரும் வரவில்லை. பேயைச் செயினால் கட்டி, அதன் தோள்மேலேயே ஏறி நின்று, மூடியைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வருகிறாள்.

அண்ணி தானாகவே கேட்டார். "பொண்ணு இன்னா சொல்லுது? மேல படிக்கணும்னு ஏதாவது மனசுல கீதா? கீதுன்னா இப்பவே சொல்லிடு. முப்பது வரைக்கும் சும்மா கெடந்தவன், இன்னும் ரெண்டு வருஷம் கெடந்தா தேஞ்சா பூடுவான்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அண்ணி. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரியவர்கள் எது கேட்டாலும் ஒன்றும் இல்லை என்று சொல்லியே வளர்ந்த நாக்கு. அது பழகிய வழியில் போய்விட்டது. அண்ணி சந்தோஷமாகக் காபி கலந்து கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"ஃபாரம்?"

"அதுவும் குடுக்க மாட்டாங்களாம்."

"நீயாவது பாத்தியா? தொட்டிலேந்து வந்தாளா, இல்லியா?"

"பாக்கல" என்றேன். பார்த்தேன் என்றால் அத்தனை நேரம் அங்கே உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்பாள். விரலில் ஒட்டியிருந்த மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் வயசு போடுவதில்லை. அவளுடைய மார்க் ஷீட்டைப் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்தது நான்தான். அன்றைக்கு அவளை முகூர்த்தப் புடவை எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். கணக்கில் தொண்ணூற்றிரண்டு. பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். அவள் கேட்கவே இல்லை.

கல்யாணமானதும் பட்டறைக்குப் பக்கத்திலேயே குடிபோனார்கள். நல்லது கெட்டதுக்கு வந்தால் அவள் எல்லோரிடமும் பேசுவாள், அத்தையிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. கொஞ்ச வருஷம் கழித்து அண்ணி படுக்கையில் விழுந்தார். கஞ்சி கொடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பொண்ணு என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேன்றா. நான் இன்னா பாவம் பண்ணேன்? உனக்காவது தெரியுமா?"

"தெரியல அண்ணி" என்றேன்.

அந்த வாரமே போய்விட்டார். சாவுக்கு வந்த மகள் தெருவிலேயே நின்றுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். சாவு வீட்டுக்குச் சமைத்து அனுப்ப நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம் கேட்டேன், இல்லேன்னுச்சு. போவட்டும். ஒரே ஒரு தாளு குடுத்திருந்தா அதுக்கு இன்னாம்மா கொறஞ்சிருக்கும்?"

நான் தலை நிமிரவில்லை. "சாப்டுட்டுப் போ" என்றேன்.

அண்ணி எதையும் மறுக்கவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. மகளிடம் வாயால் சொல்ல வராததால், நடந்ததைப் பேரனுடைய பழைய நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி முடித்து ஒரு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட மகள் வந்து, மத்தியானம் வரை இருந்துவிட்டுத்தான் போனாள். நோட்டு பீரோவில்தான் இருக்கிறது, அந்த மார்க் ஷீட்டுக்கு மேலே.