தென்னைக் காளானுக்குக் குடை பிடித்தவர்

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு தென்னை மரம் இருந்தது. சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது, ஆட்சி செய்தது. எங்க வீட்டுக்காரர் சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன மறுநாளே அந்த மரத்திடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலையில் அவர் காபி குடிப்பதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் போகணும். எனக்குக் காய்ச்சல் வந்தால் “ஒரு மாத்திரை போட்டுட்டு படு” என்பார். மரத்தில் ஒரு மட்டை காய்ந்தால் தெருவையே கூட்டி யோசனை கேட்பார். கட்டிக்கிட்டாச்சு, என்ன செய்ய?

மரம் எங்களுடையது, ஆனால் சாய்ந்திருந்தது பக்கத்து வீட்டுப் பக்கம். பக்கத்து வீட்டில் இருப்பவள் மீன் விற்கிறவள். கடலோர கிராமத்துக்காரி, விடிவதற்குள் கூடையோடு கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவாள். அவள் வீட்டுப் பின்னறைக்கு சிமென்ட் ஷீட்டுதான் கூரை. அந்த ஷீட்டுக்கு நேர் மேலே எங்கள் மரத்தின் தலை. இத்தனை வருஷம் விழுந்த தேங்காயை எல்லாம் அவளே எடுத்துக்கொள்வாள், நானும் கேட்டதில்லை. அந்த வகையில் ரெண்டு வீட்டுக்கும் சமாதானமாகத்தான் இருந்தது.

போன மழைக்கு முன்னால் மரத்தின் அடியில் பட்டை வெடித்து, செம்பழுப்பாக ஒரு தண்ணீர் வடிய ஆரம்பித்தது. “சூடு” என்றார் வீட்டுக்காரர். குரும்பையெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. “காத்து” என்றார். கீழ் மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் தலையை நீட்டினாள்.

“அண்ணே, மரத்தோட லட்சணம் சரியில்ல. எம்பொண்ணு பிரசவத்துக்கு வரப்போறா. இந்தப் பின்னறைலதான் படுக்க வைக்கணும். மரத்த எடுத்துடுங்கண்ணே.”

“தேங்காய்க்கு மூணு கண்ணும்மா. யார் தலையிலயும் விழாது.”

“தேங்காய்க்கு இருக்கு, சரி. மரத்துக்கு இருக்காண்ணே?”

இப்படி யாராவது மடக்கினால் அவர் குழாயைத் திறந்து மரத்துக்குத் தண்ணீர் விடுவார். விட்டார்.

மழை நின்றதும் மரத்தின் அடியில் ஒரு காளான் முளைத்தது. குடைக் காளான் இல்லை. மரத்தில் பலகை அடித்த மாதிரி கெட்டியாக, அரைவட்டமாக, வார்னிஷ் பூசியதுபோல பளபளவென்று செங்காவி நிறத்தில் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி பார்த்தவுடனே சொன்னாள்: “இது கானோடெர்மாம்மா. காளான்ல ஒரு சாதி. வேர் வழியா உள்ள போயி அடிமரத்தத் தின்னும். தஞ்சாவூர் வாடல்னு சொல்வாங்க. வெளிய இந்தத் தட்டு வந்துட்டுதுன்னா உள்ள அதோட வேலை முடிஞ்சிட்டுதுன்னு அர்த்தம். வெட்டி, வேரோட தோண்டிக் கொளுத்திடுங்க.” பக்கத்தில் வேறு தென்னை இருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அதற்கு ஊற்றலாம், இதற்குக் காலம் கடந்துவிட்டது என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். போர்டோ என்பது பிரான்சில் ஒரு ஊர் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டார். வெட்டணும் என்றதும் காது கேட்கவில்லை. “தஞ்சாவூர் நோய்க்கு முத்தியால்பேட்டையில என்ன வேலை?” என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த போட்டோவை பிரான்சுக்கு அனுப்பினார்.

பிரான்சில் இருப்பவர் என் மூத்தார், இவருடைய அண்ணன். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் போனவர். எங்கள் ஊரில் டாக்டர் சொன்னதை நம்பாதவர்கள் உண்டு, ஜோசியர் சொன்னதை நம்பாதவர்கள்கூட உண்டு. பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னதை நம்பாதவர்கள் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதிலிருந்து எந்த மிக்ஸி வாங்குவது என்பதுவரை அங்கிருந்துதான் உத்தரவு வரும். மூத்தார் வீடியோ காலில் வந்தார், கையில் ஒரு பாட்டில்.

“டேய், வெட்டிடாத! இங்க பார்மசில இத அடச்சு விக்கிறான். நானே தெனமும் சாப்பிடறேன். பாரு, பேரு போட்டிருக்கு பாரு.”

பார்த்தேன். கானோடெர்மா என்றுதான் போட்டிருந்தது. போச்சுடா! விவசாய ஆபீசும் பிரான்சும் ஒரே பேரைச் சொல்லிவிட்டன. ஒருவர் கொளுத்தச் சொல்கிறார், ஒருவர் குடிக்கச் சொல்கிறார். எங்க வீட்டில் யார் ஜெயிப்பார் என்று நான் சொல்லவா வேண்டும்?

அன்றிலிருந்து மரம் பின்னால் போய், காளான் முன்னால் வந்தது. வெயில் படக்கூடாது என்று என் குடையைக் கொண்டுபோய் அதன் மேல் கட்டினார். நான் மார்க்கெட்டுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனேன். காளானை ஓரத்தில் செதுக்கி, காயவைத்து, தினமும் கஷாயம். வேப்பெண்ணெயை மிஞ்சிய கசப்பு. அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு “மூட்டு வலி பறந்துட்டுது” என்பார். மாடிப்படி ஏறும்போது பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார், அது வேறு விஷயம். என் பங்கை நான் சிங்க்கில் ஊற்றினேன். சிங்க்குக்கு ஒரு வலியும் வரவில்லை. செய்தி பரவி, தவளக்குப்பத்திலிருந்து என் நாத்தனார் பஸ் ஏறி வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனாள். என் கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு அவசரமாக வந்ததில்லை.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரியின் பெண் ஆஸ்பத்திரியில் பிரசவமாகி, ஆண் குழந்தையோடு வந்துவிட்டாள். பின்னறையில் தூளி கட்டினார்கள். குழந்தை அழுவது எங்கள் கொல்லைவரை கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே கண் தானாக மரத்தின் உச்சிக்குப் போகும். வாய் வலிக்க சண்டை போட்டேன். “பொறாமை” என்றார். காளான் மேல் எனக்கு என்னய்யா பொறாமை?

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு வரவில்லை, வாசல் வழியாகவே வந்தாள். மீன் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. எங்க வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். “பிள்ள பெத்த உடம்புக்கு நல்லதும்மா” என்று ஒரு துண்டு காளானை அவளிடம் நீட்டினார்.

“அண்ணே, உங்க மருந்து உங்களோட இருக்கட்டும்,” என்றாள்.

நான் குறுக்கே புகுந்தேன். “காத்து அடங்கறவரைக்கும் பொண்ணையும் கொழந்தையையும் இங்க கூட்டிட்டு வந்துடும்மா.”

“யார் வீட்டு மரத்துக்கு அண்ணி யார் வீட்டக் காலி பண்றது? அண்ணனுக்குத்தான் மரத்து மேல அவ்ளோ நம்பிக்கையாச்சே. தெனமும் மத்தியானம் தூங்கறாருல்ல? இன்னிக்கு எங்க பின்னறைல வந்து தூங்கட்டும். தூங்கி எழுந்துட்டாருன்னா நான் அப்புறம் வாயத் தொறக்கல.”

பாண்டிச்சேரிக்காரனை எதை வேண்டுமானாலும் சொல்லலாம், மத்தியானத் தூக்கத்தை வைத்துச் சவால் விடக்கூடாது. ரோஷம் வந்துவிட்டது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழந்தையின் தூளி கட்டியிருந்த அந்தப் பின்னறைக்குப் போனார். போங்க, நல்லா தூங்குங்க என்று நானும் சொன்னேன்.

மதிலோரம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் மரத்தின் அடியிலிருந்து, தச்சன் பழைய ஆணியைப் பிடுங்குகிற மாதிரி ஒரு முனகல். தொங்கிய மட்டை ஷீட்டை உரசியது. நான் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வாசலில் தடதடவென்று ஓடிவருகிற சத்தம். அவர்தான். செருப்பு இல்லை, தலையணை இல்லை. இரண்டு கையாலும் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பின்னால் அந்தப் பெண் “மாமா, மாமா” என்று கத்திக்கொண்டு வந்தாள். குழந்தையின் தலைமுடியிலும் நெற்றியிலும் ஷீட்டிலிருந்து உதிர்ந்த தூள் அப்பியிருந்தது.

“மரம் வெட்றவனக் கூப்புடு,” என்றார். குழந்தையை என் கையில்கூடக் கொடுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அதுவரை இருந்த கோபம் எல்லாம் எனக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

வந்த ஆட்கள் ஏற மாட்டோம் என்றார்கள். கயிறு கட்டி எங்கள் பக்கமாகவே இழுத்தார்கள். எங்கள் பாத்ரூம் சுவர் போனது. போகட்டும். அடிமரத்துக்குள் பார்த்தால் மரம் இல்லை. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி பொதபொதவென்று பழுப்பாக என்னவோ இருந்தது. எங்க வீட்டுக்காரர் கையை உள்ளே விட்டார். முழங்கைவரை போனது. கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பின்னறை ஷீட்டு விரிசல் விட்டிருந்ததால் தாயும் பிள்ளையும் அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். எங்கள் ஹாலில் தூளி கட்டக் கொக்கி இல்லாததால், பக்கத்து வீட்டுக்காரி பேரனை இவர் மடியில் கிடத்திவிட்டு ராத்திரிக்குச் சமைக்கப் போனாள்.

சாயங்காலம் மூத்தார் வீடியோ காலில் வந்தார். தகவல் அங்கே போய்விட்டது.

“வெட்டிட்டியாமே? அறிவிருக்காடா உனக்கு? அந்தக் காளானையாவது எடுத்து வச்சியா?”

“மெதுவா பேசுண்ணே. புள்ள தூங்குது.”

“புள்ளயா? யார் புள்ள?”

இவர் மடியைப் பார்த்தார். குழந்தையின் நெற்றியில் துடைத்தும் போகாமல் ஒட்டியிருந்த தூளை ஒரு விரலால் துடைத்தார்.

“நான் கொல்லப் பாத்த புள்ள,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.