என் நடையை வைத்து மகள் எழுதிய பரீட்சை

என் மகள் பல்கலைக்கழகத்தில் படித்தது டிஜிட்டல் மீடியா டிசைன். இந்த மூன்று சொற்களையும் தடுக்காமல் சொல்லப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்து வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போகும் சேலைகளைத் திரும்ப மடித்து வைப்பது என் பொறுப்பு. விற்பதற்கு வாய் வேண்டும், மடிப்பதற்கு வேண்டாம். அதனால்தான் அந்த வேலையில் நிலைத்தேன்.

மகள் என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். என் மனைவி அப்படி விடமாட்டாள். "படம் வரையிறா, ஆனா பென்சில் இல்லாம" என்பாள். கேட்டவர்கள் இன்னும் குழம்பிப் போவார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெரியவர், அதைப் படித்து முடித்தால் என்ன உத்தியோகம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பதில் தெரியாமல், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். அது இரண்டாவது பந்தி. முதல் பந்தியிலேயே நான் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். மகளின் பழைய கம்ப்யூட்டர் ஓர் அறையில் பாதியைப் பிடித்திருந்தது. மனைவி அதற்குக் கடையில் மிஞ்சிய துண்டுத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குக் காட்டும் சாம்பிராணியை அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள். புகை உள்ளே போனால் அது செத்துப்போகும் என்று மகள் ஒவ்வொரு வெள்ளியும் சொல்வாள். இத்தனை நாள் உயிரோடு இருப்பதே அந்தப் புகையால்தான் என்பது மனைவியின் கட்சி.

இரண்டாம் வருடக் கடைசியில் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். உண்மையான ஓர் ஆள் நடப்பதைப் படம் பிடித்து, அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஓர் உருவத்தை நடக்க வைக்க வேண்டும். அந்த உருவத்துக்கு முகம் கூடாது, உடுப்பும் கூடாது. நடையை மட்டும் பார்த்தே ஆள் யாரென்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். உடுப்புக் கூடாது என்று கேட்டதும் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அது வெறும் சாம்பல் நிறப் பொம்மைதான் என்று புரிய வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மகள் முதலில் கூடப் படிக்கும் பையன் ஒருவனின் நடையை எடுத்தாள். கிரிக்கெட் விளையாடுகிற உயரமான பையன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, அழகான நடைதான், ஆனால் யாருடைய நடையும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு தடவைதான் செய்யலாம். அதிலும் தவறினால் மூன்றாம் வருடத்துக்குப் போக முடியாது. அந்த வாரம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு நாள் நான் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தபோது என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க நடக்கணும்" என்றாள்.

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கணும்."

வாழ்க்கையில் என்னிடம் யாரும் கேட்ட மிக லேசான வேலை அதுதான் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

ரோட்டில் நடந்து எடுக்க முடியாது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பார்சலைக் கண்டாலே குண்டு என்று எல்லோரும் இறங்கி ஓடுவார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் கமராவைத் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன, எதற்கு, யாருக்கு என்று கேள்வி வரும். எங்கள் முற்றமோ ஐந்தாறு எட்டில் முடிந்துவிடும். கடைசியில் முதலாளியிடம் கேட்டேன். அவர் மடவளை முஸ்லிம் ஆள், வாய் நிறையப் பேசுகிறவர். பௌர்ணமிப் போயா விடுமுறையில் கடை பூட்டியிருக்கும், உள்ளே வந்து எவ்வளவு வேண்டுமானாலும் நடந்துகொள்ளுங்கள் என்றார். வேடிக்கை பார்க்க அவரும் வந்துவிட்டார்.

நான் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தேன். மகள் கமராவை வைத்து நடக்கச் சொன்னாள். நான் நின்றுவிட்டேன். கழுத்தை நிமிர்த்தி, இரண்டு காதும் தெரிய, நேராகப் பார்த்தபடி நின்றேன். அதுவரை என்னை எடுத்த படங்களில் பெரும்பாலானவை அடையாள அட்டைக்கும் பொலிஸ் பதிவுக்கும் எடுத்தவைதான். கமரா என்றால் என் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"என்ன இவர், ரிமாண்ட்ல ஈக்கிற ஆள் மாதிரி நிக்கிறார்" என்றார் முதலாளி. "புள்ள, ஒங்க வாப்பாவ நடக்கச் செல்லுங்க."

நடந்தேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். திரும்ப நடந்தேன். இடது காலோடு இடது கையும் சேர்ந்து போவதாக அவள் சொன்னாள். நாற்பது வருடத்துக்கு மேல் யோசிக்காமல் செய்த ஒரு காரியத்தை யோசித்துச் செய்யப் போனதில் முற்றாகக் கெடுத்துவிட்டேன். தடவைக்குத் தடவை மோசமானது. முதலாளி சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார். பிறகு, சரி போதும், வந்ததற்கு ஒரு வேலையாவது செய்யுங்கள் என்று சொல்லி, பின்னால் இருக்கும் நீலத் துணிக்கட்டை எடுத்துவரச் சொன்னார். நான் போய் எடுத்து வந்தேன். அதைத் திரும்ப வைக்கச் சொன்னார், வைத்தேன். சிவப்பு வேண்டும் என்றார். எதற்கு இந்த மனிதர் போயா தினத்தில் கட்டுக் கட்டாகக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே போய் வந்தேன். மகள் அவ்வளவையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு பேரும் கண்ணால் பேசி வைத்த வேலை என்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். கடை முழுவதும் காலியாக இருக்கிறது, நான் மட்டும் சுவரோரமாகவே நடக்கிறேன். எதிரே வராத யாருக்கோ வழிவிட்டு ஒதுங்குகிறேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் படத்தை நிறுத்தினாள், பின்னால் கொண்டுபோனாள், திரும்ப ஓட்டினாள்.

"சட்டைப் பையில என்னப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே. ஐசி இருக்கு."

"ஏன் அத அடிக்கடி தொட்டுப் பாக்குறீங்க?"

நான் அப்படிச் செய்வதில்லை என்றேன். அவள் காட்டினாள். சில எட்டுக்கு ஒருமுறை என் வலது கை தானாக மேலே போய், இரண்டு விரலால் அடையாள அட்டை இருக்கும் பையைத் தொட்டுவிட்டுக் கீழே வருகிறது. கட்டைச் சுமக்கும்போதுகூட அதை மறு தோளுக்கு மாற்றிவிட்டுத் தொடுகிறேன். யாரோ வேறொரு ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது. மனைவிக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. "தூக்கத்துலயும் தொடுவார், பெனியன்ல பையே இல்லாட்டியும்" என்றாள்.

அது எங்கிருந்து வந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் அடையாள அட்டையைத் துவைக்கப் போட்ட சட்டையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்துச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இரண்டு நாள் பொலிசில் இருந்தேன். முதலாளி வந்து, இவருக்குச் சேலை மடிக்க மட்டும்தான் தெரியும் என்று சொல்லிக் கூட்டிப்போனார். அதற்கு முன்பு கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வந்தபோதும் அட்டையை எடுக்காமல் வந்து பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

உருவம் செய்யும்போது அந்தக் கை பைக்குப் போவதை எடுத்துவிடச் சொன்னேன். மனைவியும் அதையே சொன்னாள். வகுப்பில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்று கேட்டாள். தன்னோடு மூன்று பேர் என்றாள் மகள்.

"அப்ப சும்மா கெடக்கிற சங்க எதுக்கு ஊதுற? இது ஏன் தொடுதுன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?"

"அந்தக் கையில்லாட்டி அது அப்பா இல்லம்மா."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. படிப்புப் போய்விடுமோ என்று ஒரு பயம், படிப்பால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். எதைச் சொன்னாலும் ஒருத்திக்குக் கோபம் வரும். நான் வழக்கம்போல வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மகள் நாங்கள் சொன்னபடியே பையைத் தொடுவதை எடுத்துவிட்டு ஒரு தடவை செய்து காட்டினாள். சாம்பல் உருவம் இரண்டு கையையும் அளவாக வீசிக்கொண்டு நடந்தது. மனைவி கிட்டப் போய் நீண்ட நேரம் பார்த்தாள்.

"ஆள் நல்லாத்தான் இருக்கார். ஆனா யாருன்னு தெரியல. இந்தாள் வந்து கதவத் தட்டினா நான் தொறக்க மாட்டேன்" என்றாள். பிறகு கம்ப்யூட்டர் உறையைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே, "கையத் திரும்ப வை. கேட்டா பேனா தேடுறார்னு சொல்லு" என்றாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பரீட்சை நாளில் நடந்த ஆட்களும் வர வேண்டுமாம். எல்லா உருவங்களும் திரையில் நடந்துகொண்டிருக்கும். ஆட்கள் ஒவ்வொருவராக வகுப்பின் முன்னால் நடக்க வேண்டும். இந்த ஆள் எந்த உருவம் என்று மற்றப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் இல்லை.

முதலாளி ஒருவர் முன்னாலேயே நடக்கத் தெரியாமல் போனவன், ஒரு வகுப்பு முன்னால் எப்படி நடப்பேன்? வீட்டில் பழகிப் பார்த்தேன். பையைத் தொட வேண்டும் என்று நினைத்துத் தொட்டால் யாருக்கோ சல்யூட் அடிப்பதுபோல வந்தது. மகள் என்னை உட்கார வைத்தாள். "பழகாதீங்கப்பா. பழகப் பழகக் கெட்டுப்போகுது" என்றாள்.

அன்றைக்கு அவள் விடியவே போய்விட்டாள். நான் தனியாகப் போனேன். கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அட்டையைக் காட்டி நடந்து, அந்தப் பக்கம் ஏறினேன். கண்டியில் இன்னொரு பஸ் பிடித்துப் பல்கலைக்கழக வாசலுக்குப் போனால், அங்கே காவலாளி அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. ஒரு மரப்பெட்டிக்குள் போட்டு, கழுத்தில் மாட்ட நாடா போட்ட ஓர் அனுமதிச் சீட்டைத் தந்தார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் முறையாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தேன். போகும்போது கிடைக்கும், பெட்டி எங்கும் போகாது என்று நல்ல விதமாகத்தான் சொன்னார்.

வகுப்பில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எனக்கு முன்னால் ஒரு பிள்ளையின் மாமா நடந்தார். பருத்த ஆள், வயிறு முன்னே போக அவர் பின்னே போனார். எல்லோரும் உடனே கண்டுபிடித்துக் கை தட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

கழுத்து நிமிர்ந்துவிட்டது. கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி தூரம் வந்திருந்தேன். யாரோ ஒரு பிள்ளை சந்தேகத்தோடு ஒரு நம்பரைச் சொல்ல, மகள் நிலத்தைப் பார்த்தாள். தவறான நம்பர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. என்னால் ஒரு வருடம் போகப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் திரை, வகுப்பு எல்லாம் மறந்து, கை தானாகப் பைக்குப் போனது.

பை தட்டையாக இருந்தது.

நின்றேன். மறுபடி தொட்டேன். மற்ற விரல்களாலும் தொட்டேன். காற்சட்டையின் இரண்டு பக்கமும் தட்டினேன், பின்பக்கம் தட்டினேன். வாசல் காவலாளி அந்த நேரத்தில் என் ஞாபகத்திலேயே இல்லை. பஸ்ஸில் விழுந்துவிட்டது என்று முடிவுசெய்து, திரும்பி, சுவரோரமாகக் குனிந்து தரையைத் தேடிக்கொண்டே வந்த வழியில் நடந்தேன்.

வகுப்பு முழுவதும் எழுந்துவிட்டது. எல்லாக் கையும் திரையில் ஓர் உருவத்தைக் காட்டின. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே என் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மரப்பெட்டி ஞாபகம் வந்தது.

"ஐசிய கேட்டுல வாங்கிட்டாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று மற்றவர்கள் கேட்க, சிங்களத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பேனா கதை தேவைப்படவில்லை. விரிவுரையாளர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தலை குனிந்தார். பிறகு மகளிடம், உருவம் பையைத் தொடுவது மிகவும் அடக்கமாக இருக்கிறது, அசல் ஆளிடம் அந்த அடக்கம் இல்லை, அதைத் திருத்த வேண்டும் என்றாராம். குறையை எழுதிவிட்டுத் தேர்ச்சி போட்டார்.

நடந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். பருத்த மாமா என்னைக் கையைப் பிடித்து அழைத்தார். நான் சிரித்துக்கொண்டே நழுவி வெளியே வந்துவிட்டேன். மகள் பின்னால் ஓடி வந்தாள்.

"அப்பா, நான் தேறிட்டேன்."

"நல்லது."

"நல்லதா? அவ்வளவுதானா?"

"ஐசி கேட்டுல கெடக்கு."

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, வாங்க. மொதல்ல அத எடுப்போம். பொறகு சந்தோஷப்படுங்க."