வீதக் குறிகளாகிப்போன சாரம்

சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்களில் நாவற்குடாவில் ஒரு கணினிக் கடையின் பின்னறையில் இணையத்தளங்கள் செய்துகொண்டிருந்தேன். காத்தான்குடியில் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரங்களும் சால்வைகளும் விற்கும் வியாபாரி ஒருவர் தளம் கேட்டிருந்தார். அவரை, அந்த ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். கட்டாரில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எனக்கு முன் அந்த வேலையைத் தொடங்கியவர், ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் கையாலேயே ஒட்டிவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். பொருளின் பெயரில் இடைவெளி இருந்தால் மின்னஞ்சலில் லிங்க் பாதியில் அறுந்தது. ‘சாரம் & சால்வை’ பக்கத்தைக் கேட்டால் சாரம் மட்டும் வந்தது. நடுவில் இருந்த குறியோடு பெயர் முடிந்துவிட்டதாகக் கணினி நினைத்துக்கொண்டது. இத்தனைக்கும் தளம் கட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வேர்க்கிலேயே முகவரியைப் பிழையில்லாமல் கட்டித்தர ஒரு ஃபங்ஷன் இருந்தது. அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினேன். இடையில் கரண்ட் போய், சேமிக்காததை மறுபடியும் செய்தேன்.

இப்போது லிங்குகள் அறுபடவில்லை. ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் % என்ற வீதக் குறியும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக நீண்டுவிட்டது. ‘சாரம்’ என்ற சொல்லே ஒரு வரியை அடைத்தது. நானாவிடம் காட்டிச் சம்மதம் வாங்கலாமென்று ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.

வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். தாளைப் பார்த்த சிப்பாய் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

“இது என்ன பாஷை?”

“தமிழ்தான், சேர்.”

“எனக்குத் தமிழ் எழுத்து தெரியும். இது தமிழ் இல்ல.”

இணைய முகவரி என்றேன். கணினி தமிழை இப்படித்தான் அனுப்பும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் சொல்வதுபோல் இருந்தது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, மண் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் கூடுதலாக இருந்தது. சரியாகச் செய்த வேலைக்காக நிற்கிறேனே என்று.

கடைசியில் நானாவுக்குப் போன் எடுக்க விட்டார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் ஒரு சாரத்தோடு வந்து சேர்ந்தார். அந்தக் குறிகள் அவருக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் சாரத்தை விரித்துக் காட்டி, இதன் பெயர்தான் தாளில் இருக்கிறது என்று சரளமான சிங்களத்தில் அடித்துச் சொன்னார். அட்டையைத் திருப்பித் தந்தார்கள். தாளைத் தரவில்லை.

என் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே கொஞ்சத் தூரம் வந்ததும் நானா வண்டியை நிறுத்தினார்.

“இந்த அட்ரஸ நான் ஆக்களுக்குப் போன்ல எப்பிடிப் புள்ள வாசிச்சுக் காட்டுற? மனிசன் வாசிக்கிற மாதிரி ஒண்டு செஞ்சு தாங்க.”

“தமிழ்ல வெச்சா இப்பிடித்தான் வரும், நானா.”

“அப்ப இங்கிலீசு எழுத்தில வைங்க.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தேன். ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிட்டதால் இரண்டு சால்வைகளுக்கு ஒரே முகவரி வந்து மோதியது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்தேன். அவர் ஏற்கனவே ஊரெல்லாம் அனுப்பியிருந்த பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட இன்னும் பல நாள் போனது.

எல்லாம் முடிந்த பிறகு, கட்டாரிலிருந்த அவருடைய மருமகன் திறந்து பார்த்தாராம். முகவரியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படங்கள் சின்னதாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.