மேற்கு வரிசையும் கிழக்கு வரிசையும்

வளைகுடாவிலிருந்து திரும்பிய என் தங்கை, ஓர் ஆடி மாதத்தில் நாகர்கோவிலில் வாடகை வீடு தேடினாள். அவள் மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. பள்ளிக்குப் பக்கத்தில், வடக்குத் தெற்காகப் போகும் ஒடுங்கிய பேருந்துச் சாலையில், எதிரெதிரே இரண்டு மாடி வீடுகள் கிடைத்தன. எதில் புகை குறைவு என்று என்னிடம் கேட்டாள். நகரத் தெருக்களில் காற்றும் புகையும் போகும் வழியைக் கணிக்கும் ஒரு கணினி மாதிரியை, அதாவது 'மாடலை', எங்கள் பொறியியல் கல்லூரியில் நான் அப்போது சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாலையும் அதில் இருந்தது.

"கெழக்க உள்ள வீட்ட எடு" என்றேன்.

"காத்து மேக்க இருந்துல்லா அடிக்குது? பொக கெழக்கதானே போவும்? ஒனக்க கம்ப்யூட்டருக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா அக்கா?"

கூரைகளுக்கு மேலே வரும் காற்று கிழக்கு வரிசைச் சுவரில் மோதிக் கீழிறங்கும். பிறகு தரையோடு திரும்பி, பேருந்துப் புகையை மேற்கு வரிசைக்கே கொண்டுபோகும். மாதிரி அப்படித்தான் காட்டியது. ஆனாலும் திரையை மட்டும் நம்பி ஒரு குழந்தையைக் குடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர்களிடம் கேட்டு, புகையைச் சேகரிக்கும் சிறு குழாய்களை இரு ஜன்னல்களிலும் இரண்டு வாரம் கட்டிவைத்தோம். அளந்து வருவது கணிப்பின் பாதிக்கும் இருமடங்குக்கும் இடையில் இருந்தால் மட்டுமே மாதிரி தேர்ச்சி என்று முன்கூட்டியே முடிவுசெய்திருந்தேன்.

பக்கம் சரியாக இருந்தது. மேற்கில்தான் புகை அதிகம். ஆனால் கிழக்கு ஜன்னலில் அளந்த புகை, மாதிரி சொன்னதைவிட இருமடங்குக்கும் மேல் இருந்தது.

"இந்த அளவை உள்ள குடுத்துக் கொஞ்சம் திருத்துங்க டீச்சர், பாஸாயிரும்லா" என்றார் உடன் வேலை பார்ப்பவர்.

"விடையச் சொல்லிக் குடுத்துட்டுப் பரீட்சை வச்சா எவன் தோப்பான்?" என்றேன். தேர்ச்சி இல்லை என்றே அறிக்கையில் எழுதினேன்.

தங்கையிடமும் மறைக்கவில்லை. "கெழக்கதான் நல்லது. ஆனா நான் நெனச்ச அளவுக்கு இல்ல. காத்து இல்லாத நாளைச் சோதிக்கவும் இல்ல."

"இதச் சொல்லவா ரெண்டு வாரம் குழாய் கெட்டினே?" என்றாள். என்றாலும் கிழக்கு வீட்டுக்கே குடிபோனாள்.

பங்குனியில் ஒரு காலை தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, இங்க ஒரு எல கூட அனங்கல்ல. ஒனக்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"அதுக்குத் தெரியாது. ரோட்டுப் பக்க ஜன்னல அடச்சிட்டுப் பிள்ளையப் பின்னால உள்ள ரூம்ல இருத்து."

"அதெல்லாம் அப்பமே அடச்சாச்சு. குழாய் கெட்ட எப்பம் வருவேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."