இருக்கும் இடம் நுவரெலியா

என் அக்கா ஜீவராணியின் புருஷன் நிரஞ்சனுக்கு உலகம் பூராவும் கூட்டாளிகள். ஜப்பானில் ஒரு பல் டாக்டர், கேரளாவில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், கண்டியில் அசேல என்ற சிங்கள வாத்தியார். எல்லாரும் ஹாம் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்து, சொந்தக் கருவியில் பேசிக்கொள்ளும் கூட்டம். ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களுக்கென்று ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையான லயத்தின் கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, மனுஷன் பின்லாந்து வரைக்கும் பேசுவார். தோட்ட ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்கிற ஆள்தானா இவர் என்றிருக்கும், அப்படி ஒரு களை முகத்தில்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாட்டிலுள்ள கூட்டாளிகள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஆளாளுக்குத் தன் குறியீட்டையும் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். மச்சான் வாராவாரம் "நுவரெலியா" என்பார்.

"நுவரெலியாவா? நம்ம லயம் எப்பங்க டவுனுக்குக் குடி போச்சு?" என்று அக்கா குசினியிலிருந்து கேலி பண்ணுவாள்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. லயத்துக்கு விலாசம் கிடையாது. எங்கள் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால்தான் கைக்கு வரும். அதனால் லைசன்ஸ் படிவத்தில், தான் வேலை பார்க்கும் நுவரெலியா ரிப்பேர் கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தார். அது நியாயம். ஆனால் பதினொரு வருஷமாகக் கூட்டாளிகளிடம் 'லயம்' என்ற சொல்லை வாய் தவறிக்கூட விடவில்லையே, அதற்குக் காரணம் விலாசம் இல்லை, வெட்கம். எனக்கும் அந்த வெட்கம் உண்டு, அதனால் தெரியும்.

போன கார்த்திகை மழையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. குசினிச் சுவர் அக்காவின் தொடைமேல் விழுந்தது. கல்லைப் புரட்டி அவளை வெளியே எடுத்தோம், இரத்தம் நிற்கவில்லை. கரண்ட் இல்லை. எந்த போனிலும் சிக்னல் இல்லை. மச்சான் பேட்டரியில் கருவியைப் போட்டுக் கூப்பிட்டார். அசேல கிடைத்தார்.

"மண் சரிஞ்சிருச்சு அசேல! வைஃபுக்குப் பலமான அடி. அம்புலன்ஸ் வேணும்!" என்று சிங்களத்தில் கத்தினார்.

"உன் விலாசம் என்கிட்ட இருக்கு. இப்பவே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அசேல எழுந்து ஓடிவிட்டார். நல்ல மனுஷன், ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை.

அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது. "அசேல, நான் டவுன்ல இல்லை! ராகலை! தோட்டத்து லயம்!" என்று மைக்கை விழுங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு கத்தினார். அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை.

அம்புலன்ஸ் டவுனில், மழைக்குப் பூட்டிக் கிடந்த ரிப்பேர் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. ராகலை வரைக்கும் ரோடு திறந்துதான் இருந்ததாம். அக்காவைக் கம்பளியில் போட்டு நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஃபெக்டரி வளைவு தாண்டும்போது உயிர் போய்விட்டது.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். மச்சான் காதில் விழத்தான் பேசினார்கள்.

பதினாறாம் நாள் அசேல வந்தார். வீடென்று நாங்கள் சொல்லும் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "பதினொரு வருஷம் பேசினோமே, ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்னைக் குறைவாவா நினைச்சிருப்பேன்?"

 எனக்கு மச்சான்மேல் ஆத்திரம். நாங்கள் இந்த மலைக்கு வந்து இருநூறு வருஷமாகியும் ஒரு கடிதம் வந்துசேர வழியில்லாத இந்த லயத்தின்மேல் அதைவிட ஆத்திரம்.

மறுபடி மண் சரியுமென்று அதிகாரிகள் வந்து இடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள், எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை. அதே காம்பராவில் ஞாயிறு காலை மச்சான் இப்போதும் கருவி முன்னால் உட்காருகிறார். "ராகலை, மேல் டிவிசன், நாலாம் லயம், ஆறாம் காம்பரா" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். போன வாரம் யாரோ ஒரு புதியவர், "லயமா? அது எந்த ஊர்? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்று கேட்டார். மச்சான் பொறுமையாக ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அக்கா உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.